'பிறகு' வேறு, 'அதனால்' வேறு



மாணவர் ஒருவர் தம் குடும்பத்தைப் பற்றி எழுதி வந்த கட்டுரையில் ஒரு வரி என்னைத் திடுக்கிடச் செய்தது: "மதினி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதனால் வாப்பாவின் கடை நொடித்தது."

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஹஜ்ரத்" என்றார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்பதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. 'பிறகு' என்பது காலத்தை மட்டும் காட்டும் சொல். 'அதனால்' என்பதோ ஒருவர் மீது பழியைச் சுமத்தவும் வல்ல சொல். சாட்சியின்றி அதனை எழுதலாகாது.

அச்சாட்சியைத் தேடும் முறைக்கு ஜான் ஸ்னோ என்னும் ஆங்கில மருத்துவர் நல்ல முன்மாதிரி. 1854 ஆகஸ்ட் இறுதியில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. சில வாரங்களில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துர்நாற்றம் கலந்த காற்றே காரணம் என்பது அக்காலத்து மருத்துவர் பலரின் நம்பிக்கை. ஸ்னோவோ பிராட் தெருவிலிருந்த அடிபம்பின் தண்ணீரைச் சந்தேகித்தார். சந்தேகத்தோடு நின்றுவிடாமல் வீடு வீடாகச் சென்று விசாரித்தார்.

அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் வசித்தனர். ஐவரே காலராவால் இறந்தனர். அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. காற்றுதான் காரணமென்றால் அவர்கள் எவ்வாறு தப்பினர்? தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் வசித்த அம்மையார் ஒருவரோ இந்நோய்க்குப் பலியானார். பிராட் தெருத் தண்ணீரின் சுவையை விரும்பி, அதனை வரவழைத்துப் பருகி வந்தவர் அவர் என்பது விசாரணையில் தெரிந்தது. அருகிலிருந்தும் தப்பியவர், தொலைவிலிருந்தும் மாண்டவர் ஆகிய இரு சாராரும் ஒரே காரணத்தையே சுட்டினர்.

செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. நோயும் ஓய்ந்தது. 'கைப்பிடியை அகற்றினோம், அதனால் நோய் நின்றது' என்று எழுதி ஸ்னோ புகழ் தேடிக்கொண்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மக்கள் அப்பகுதியை விட்டு வெளியேறியதால் மரணங்கள் குறைந்தன என்றும், தண்ணீரை நிறுத்துவதற்கு முன்பே நோய் வெகுவாகத் தணிந்துவிட்டது என்றும் 1855இல் வெளியான தமது நூலில் ஒளிவின்றி எழுதினார். தமக்குச் சாதகமான இடத்திலும் 'அதனால்' என்னும் சொல்லை அவர் அளந்தே பயன்படுத்தினார்.

காரண காரியத்தை எழுத முற்படுவோர் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் நடந்தது என்ன? அக்காரணம் இல்லாத இடத்திலும் அதே விளைவு உண்டா? வேறு காரணமும் சேர்ந்திருக்கக் கூடுமா?

மாணவரிடமும் இவற்றையே கேட்டேன். "பக்கத்துக் கடைகளின் வியாபாரம் எப்படி?"

"அவையும் படுத்துவிட்டன, ஹஜ்ரத்."

"அந்த வீடுகளுக்கெல்லாம் அவ்வாண்டு மருமகள் வந்தாளா?"

அவர் தலை கவிழ்ந்தார். மறுநாள் திருத்தி எழுதி வந்தார்: "மதினி வந்த ஆண்டில் பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே மாற்றப்பட்டது. அதனால் எங்கள் கடைத்தெருவில் வந்து இறங்குவோர் குறைந்தனர். ஆட்கள் குறைந்ததால் விற்பனை குறைந்தது. வாப்பா கடனுக்கு அதிகமாகக் கொடுத்ததும் ஒரு காரணம்."

இப்போது ஒவ்வொரு 'அதனால்' என்பதற்கும் முன்னால் ஓர் உண்மை நிற்கிறது. மதினியின் பெயருக்கு அருகில் அச்சொல் இல்லை.

"இதை உன் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது உரக்க வாசித்துக் காட்டு" என்று சொல்லி அனுப்பினேன். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் திருத்திவிடலாம். ஒரு பெண்ணின் மீது விழுந்த பழியைத் திருத்த, அதைச் சுமத்தியவர்களின் செவியில் உண்மை விழ வேண்டுமல்லவா?