மணலை ஏன் எறிந்தோம்?

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழர் நாம். நம் தெருக்களுக்கு அணித்தே, 1568-இல் எழுந்த பரதேசி யூதர் வழிபாட்டுக்கூடத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் சேர மன்னன் பாசுகர இரவிவர்மன் யோசேப்பு இரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடுகள் காக்கப்பெற்று வருகின்றன. அவை வட்டெழுத்தில் அமைந்தவை. அவற்றைப் படிக்க இயலாமைக்கு நாம் நாணவேண்டியதில்லை, அவ்வெழுத்து வழக்கொழிந்தது. ஆனால், ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழில் தம் பாட்டனார் பெயரைக்கூடப் படிக்க இயலாது நம் பிள்ளைகள் விழிக்கின்றனரே, இதற்கு யார் நாணுவது? வழக்கில் உள்ள எழுத்தையும் வட்டெழுத்தாக்கிவிட்டோம் நாம்!

'பள்ளியில் தமிழ் இல்லை, எங்கே கற்பிப்பது?' என்பர் சிலர். அச்சும் தாளும் இல்லாத இடைக்காலத்தில் எங்கே கற்பித்தனர்? அன்றைய ஆசானிடம் இருந்தவை திண்ணை, மணல், பனையோலை, எழுத்தாணி, இவ்வளவே. ஓலையில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடார். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் விளங்காது. இத்தகைய ஏட்டைக் கண்ணால் மட்டும் கற்றல் ஒண்ணுமோ? ஆகவே முதலில் செவியில் பாடம் ஏற்றினர். நாவால் உரக்கச் சொல்வித்தனர். சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதுவித்தனர். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும். 'நமோ நாராயணாய' என்று தொடங்கிக் கற்பித்தமையால் கேரளத்தில் வட்டெழுத்துக்கே 'நானம் மோனம்' என்னும் பெயர் நிலைத்தது.

இம்முறையின் அருமையை அயலார் உணர்ந்தனர். 1789-இல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறார் மணலில் விரலால் எழுதக் கண்டார். தம் காப்பகத்திலும் அதனைப் புகுத்தினார். நம் சட்டாம்பிள்ளையைப் போன்று, முன்னே கற்றவன் பின்னே வந்தோனுக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகள் பல அதனைக் கைக்கொண்டன. நாமோ கைவிட்டோம்!

திண்ணைப் பள்ளி குற்றமற்றது என்று கூற வந்தோமல்லோம். 1826-இல் சென்னை மாகாண ஆளுநர் மன்றோ தந்த கணக்கில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் காணப்பெறுவர். அவருள் பெண்கள் மிகச் சிலர். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானோர்க்கோ பெரும்பாலான திண்ணைகள் அடைபட்டே கிடந்தன. கோதண்டம் முதலிய கொடுந்தண்டனைகளும் இருந்தன. அவை ஒழிந்தமை நன்றே. பிரம்பை எறிந்தோம், சரி. மணலையும் ஏன் எறிந்தோம்?

'தமிழில் 247 எழுத்துகள். பிள்ளைக்குச் சுமை' என்பது மற்றொரு சாக்கு. உயிர் 12, மெய் 18. குறிகள் சிலவற்றை அறிந்தால் உயிர்மெய் 216-உம் எளிதில் வந்தடையும். எஞ்சியது ஆய்தம் ஒன்றே. அதே பிள்ளை மலையாள எழுத்துகளையும், ஒலியும் எழுத்தும் ஒவ்வாத ஆங்கிலத்தையும் பயில்கிறதே, அங்கே மட்டும் சுமை எங்கே போயிற்று?

கைப்பேசியில் உரோமன் எழுத்தில் தமிழை எழுதினால் போதும் என்பாரும் உளர். 1554-இல் இலிசுபனில் அச்சான தமிழ்ச் சமயச் சுவடி உரோமன் எழுத்தில்தான் வந்தது. தமிழ் அச்செழுத்து அன்று இல்லை. 1578-இல் கொல்லத்திலும், 1579-இல் இதே கொச்சியிலும் தமிழ் எழுத்திலேயே நூல்கள் அச்சேறின. அயலார் 25 ஆண்டுகளில் ஏறிவந்த படியில் நம் மக்கள் இறங்கிச் செல்வதோ?

விசயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோம். மறுநாள் அரிசி அடுக்களைக்குப் போகிறது; எழுத்தும் உடன் போகிறது. அன்பர்களே, அவ்விரலை நாள்தோறும் கால் மணி நேரம் பிடியுங்கள். ஞாயிறுதோறும் ஒரு வீட்டு முன்றிலில் பாய் விரிப்போம். ஆண், பெண், சாதி என்னும் வேறுபாடின்றி அனைவரும் அமரட்டும்; மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லட்டும்.

இம்மலரை நாமே எழுதுகிறோம், நாமே படிக்கிறோம். இன்று நாம் வாளாவிருப்போமாயின், நாளை நம் மக்கள் இதனையும் அச்செப்பேடுகளைப் போலக் காத்து வைப்பர், படிக்கமாட்டார்.