எட்டும் மலையும் எட்டாத காணியும்

சுவிற்சர்லாந்தில் நீண்டகாலமாக வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் விடுமுறைக்கு வந்திருந்தார். அங்கே வார இறுதியில் அல்ப்ஸ் மலையடிவாரச் சிகரங்களுக்குக் கோடையில் நடந்தும் பனிக்காலத்தில் சறுக்குப் பலகை கட்டியும் செல்பவர். "அதுபோல அரை நாளில் ஏறி இறங்கக்கூடிய மலை இங்கும் உண்டா?" எனக் கேட்டார். நான் தயங்காமல் கூறிய பெயர் பத்தலேகல.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்வோர் கடுகண்ணாவை ஏற்றத்தில் வலப்புறம் திரும்பிப் பார்த்தால், பள்ளத்தாக்கின் அப்பால் உச்சி தட்டையான மலையொன்று தனித்து நிற்பதைக் காணலாம். ஆங்கிலேயர் அதற்கு 'பைபிள் ரொக்' எனப் பெயரிட்டனர். உயரம் 798 மீற்றர் மட்டுமே. கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கப் பகுதியில் இருக்கிறது. அடிவாரத்துக்கு அருகே வரை வாகனம் செல்லும். இறுதிப் பகுதி செங்குத்தானது என்றாலும், உடல்நலமுள்ள எவரும் ஏறலாம். மழை நாட்களில் மட்டும் பாறை வழுக்கும்.

நண்பருக்கு நான் சொன்ன இன்னொரு செய்தியும் உண்டு. அந்தப் பாறை அசையாது நிற்கிறது. அதைச் சூழவுள்ள மலைகளின் மண்தான் நிற்பதில்லை. 2016 மே 17ஆம் திகதி மாலை, அதே அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய ஆகிய கிராமங்களை மூடியது. 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். அன்றைய தினமே அதே மாவட்டத்தில், புலத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்தில் லயன் அறைகள் மண்ணுள் புதைந்தன. மாண்டவர்கள் நம்முடைய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அரநாயக்கவின் பேரழிவுக்கிடையில் களுப்பஹனவின் பெயர் பலர் நினைவில் பதியாமலே போயிற்று.

இதை இயற்கையின் சீற்றம் என்று எழுதி முடித்துவிடுவது பத்திரிகையாளருக்கு எளிது. நானும் அப்படி எழுதியவன்தான். ஆனால் அது முழு உண்மையன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டபோது, அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தமை பின்னர் வெளிவந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இருக்கவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இன்று மழையின் அளவை வைத்து மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் தயாராக வேண்டும். 150ஐ எட்டினால் வெளியேற வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் நள்ளிரவில் குழந்தைகளோடும் முதியோரோடும் லயனை விட்டு வெளியேறும் குடும்பம் எங்கே செல்லும்? அவர்கள் இருக்கும் அறை அவர்களுடையதன்று. நிற்கும் நிலமும் அவர்களுடையதன்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கைமாறிய ஒவ்வொரு முறையும் தொழிலாளியின் நிலை அப்படியே இருந்தது. 7 பேர்ச்சஸ் காணி என்ற வாக்குறுதி வந்தபின்னரும் உறுதிப்பத்திரம் கையில் இல்லாத குடும்பங்கள் ஏராளம்.

நண்பரின் சுவிற்சர்லாந்திலும் மலை சரிவதுண்டு. சுற்றுலாப் பயணிகள் 1871 முதல் புகையிரதத்தில் ஏறிவரும் ரிகி மலைக்கு எதிரேயுள்ள றொஸ்பேர்க் 1806இல் சரிந்து, கோல்டாவ் கிராமத்தையும் 457 உயிர்களையும் விழுங்கியது. 2025 மே 28இல் பனிப்பாறையும் கற்களும் பிளாற்றன் கிராமத்தின் பெரும்பகுதியை மூடின. ஆனால் அங்கிருந்த ஏறத்தாழ 300 பேரும் ஒன்பது நாட்களுக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர். உயிரிழந்தவர் ஒருவர் மட்டுமே. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது, நம் மலைநாட்டில் மண் சரிந்து மறுபடியும் குடும்பம் குடும்பமாக மாண்டனர்.

அவர்களிடம் பணமும் கருவிகளும் உண்டு என்று சிலர் கூறுவர். மறுப்பதற்கில்லை. எனினும் பாதுகாப்பான இடத்தில் ஒரு துண்டுக் காணியை உறுதிப்பத்திரத்தோடு வழங்குவதற்குச் செய்மதி தேவையில்லை. சரிவுகளில் அடைபட்டுக் கிடக்கும் கான்களை மழைக்கு முன் துப்புரவு செய்வதற்கும், எச்சரிக்கையைத் தமிழிலும் உரிய நேரத்தில் லயன் வாசலுக்குக் கொண்டுசெல்வதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. சப்ரகமுவ தோட்டத் தமிழர் சிதறி வாழ்வோர். நுவரெலியாவைப்போல் வாக்குப்பலம் அற்றோர். அவர்களுடைய கோரிக்கை எவர் மேசைக்கும் முதலில் செல்வதில்லை என்பதே உண்மையான தடை.

வெளிநாடுகளிலிருந்து வரும் வாசகர்களே, பத்தலேகலவுக்கு அவசியம் செல்லுங்கள். வழிகாட்டி வேண்டுமாயின் அவ்வூர் இளைஞரையே அமர்த்துங்கள். அந்தப் பணம் அங்கேயே தங்கட்டும். உச்சியில் நின்று படம் எடுத்தபின், சற்று நேரம் கீழே தெரியும் சரிவுகளையும் பாருங்கள். நாம் மாலைக்குள் இறங்கிவிடுவோம். அன்றிரவு மழை பெய்தால், விழித்திருக்கப்போகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.