நாய்க்கு வயிறு கெட்டால்

பிரியாணியில் எஞ்சிய எலும்பையும் மசாலாவையும் நாய்க்கு இடும் வழக்கம் ஹைதராபாத்தில் நம்மவரையும் தொற்றிக்கொண்டது. வெந்த எலும்பு சில்லாகிக் குடலைக் கிழிக்கும். வெங்காயமோ நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

வளர்ந்த நாய்க்கு வெறும் பேதியாயின் அரைநாள் உணவை நிறுத்தி, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பின்னர் குழைந்த சோறும், தோலும் எலும்பும் நீக்கி உப்பின்றி வேகவைத்த கோழிக்கறியும் இரண்டொரு நாள் போதும். தயிர்சாதமே சர்வரோக நிவாரணி என்பாரோடு நாம் வழக்காடவில்லை. சில நாய்களுக்கு அது ஒவ்வாது. ஆனால் நம் மாத்திரையைப் பாதியாக உடைத்து ஊட்டுவதை ஒப்போம்.

குட்டியின் செய்தி வேறு. 1978-இல் இனங்காணப்பட்டு உலகெங்கும் பரவிய பார்வோ நச்சுயிரி, தடுப்பூசி பெறாத குட்டிகளையே பெரிதும் கொல்கிறது. வாந்தியும் இரத்தப் பேதியும் கண்டால் கஞ்சி காய்ச்சிக் காத்திராமல், அன்றே நாராயணகுடா அரசு கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.