மகளுக்கு வீட்டைக் கொடுக்கிறோம், ஸ்குரூட்ரைவரை ஏன் கொடுப்பதில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. மாரி தொடங்க முன்னர் போட்டுவிட வேண்டும் என்று எழுதுகிறோம். வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகள் கடைசி வரை வாசியுங்கள். ஆண்களும் வாசியுங்கள், இதில் பாதி உங்களுக்குத்தான்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று எங்கே போனாலும் நம் பக்கத்தில் ஒரு விஷயம் பொது. வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கொழும்பிலோ கண்டியிலோ உள்ள நம் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருக்கும் தமிழ்ச் சகோதரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முக்குவர் வழமை என்று எழுதிவைக்கப்பட்ட சட்டமே தாய்வழிச் சொத்தைப் பற்றியது. பெண் பிள்ளை பிறந்ததும் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கும் வாப்பாமாரும், அந்த வீட்டுக்காகவே கட்டாருக்கும் சவூதிக்கும் போய் வெயிலில் நின்ற காக்காமாரும் இல்லாத ஒழுங்கை நம் ஊரில் கிடையாது. (சீதனம் சரியா பிழையா என்ற சண்டையை இந்தப் பதிவின் கீழே தொடங்க வேண்டாம். அதைத் தனியாக எழுதுவோம்.)

நாங்கள் கேட்பது வேறு. இருபது வருடம் பாடுபட்டு ஒரு வீட்டைக் கட்டி மகளின் பெயரில் உறுதி எழுதிக் கொடுக்கிறோம். அந்த வீட்டின் மெயின் வால்வ் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு ஒருநாளாவது காட்டிக் கொடுத்தோமா? பைப் ஒழுகினால் “வாப்பா வரட்டும்”. வாப்பா மவுத்தானால் “மருமகன் வரட்டும்”. மருமகன் டோஹாவில். கடைசியில் வாளி ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருப்பது.

தனியாக வீடு பார்க்கும் பெண் நம் ஊரில் அபூர்வமா என்ன? 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிகளிலும் ஏறாவூரிலும் ஒரே மாதத்தில் எத்தனை வீடுகள் ஆண் துணை இல்லாமல் போயின என்பதைப் பெரியவர்களிடம் கேட்டால் தெரியும். 2004 சுனாமி இன்னும் பல வீடுகளை அப்படி ஆக்கியது. இன்றைக்குக் கணவன் வெளிநாட்டில் இருப்பவர்கள், தலாக் ஆனவர்கள், இன்னும் கலியாணம் ஆகாமல் உம்மாவைப் பார்த்துக்கொண்டு இருக்கும் டீச்சர்மார் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஒழுங்கையிலும் இரண்டு மூன்று வீடாவது வரும்.

இவர்களுக்கு ஒரு சின்னத் திருத்த வேலை என்பது வெறும் காசுக் கணக்கு இல்லை. வேலைக்கு வரும் ஆளோடு வீட்டில் தனியாக இருக்க முடியாது என்பதால் பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். ஸ்கூலுக்கு லீவு போட வேண்டும். வருகிறேன் என்றவர் வரமாட்டார், அடுத்த நாளும் அதே கதை. இத்தாவில் இருக்கும் சகோதரியை நினைத்துப் பாருங்கள். நாலு மாதம் பத்து நாள். அதற்குள் டேங்க் வழிந்தால், கதவுப் பூட்டு இறுகினால் அவள் யாரைக் கூப்பிடுவது? நம் வீட்டுப் பெண்களுக்குச் சுகமில்லை என்றால் பெண் டொக்டரைத் தேடி மைல் கணக்கில் போகிறோம். அதே பெண்ணின் படுக்கையறை ஃபேனைக் கழற்ற முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்பதில் நமக்கு ஒரு கூச்சமும் இல்லை. இது எங்களுக்கு விளங்கவே இல்லை.

சுனாமிக்குப் பிறகு நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். கட்டிக்கொடுத்த புது வீடுகள் பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று கணவனின் பெயரில் எழுதப்பட்டன. அலையில் போனது மனைவியின் வீடு, திரும்பி வந்தது கணவனின் வீடு. நம் வழமை தெரியாமல் போட்ட படிவம் செய்த வேலை அது. பெயரில் இருக்கும் வீடே இப்படி ஒரு படிவத்தில் கைமாறும் என்றால், வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பது எவ்வளவு பலவீனம்! கூரை, சுவர், தண்ணீர், கரண்ட் பற்றிய முடிவை எல்லாம் வேறு யாரோ எடுத்துக்கொண்டிருந்தால் உறுதியில் இருக்கும் பெயருக்கு என்ன மதிப்பு?

சரி, வேலைக்கு வருவோம். நாங்கள் சில டீச்சர்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பழகியவற்றில் இருந்துதான் இதெல்லாம்.

முதலில் தண்ணீர். மெயின் வால்வ் ஒன்று மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், டேங்கிலிருந்து இறங்கும் லைனில் இன்னொன்று இருக்கும். இரண்டையும் மூடித் திறந்து பழகுங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வ் அவசரத்துக்குத் திரும்பாது. பைப் சொட்டுகிறது என்றால் பத்தில் எட்டுத் தடவை உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். வால்வை மூடி, பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட்டு, சிங்க் ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிட்டு (ஆணி விழுந்தால் போச்சு) தலையைக் கழற்றுங்கள். பழைய வாஷரைக் கையில் கொண்டுபோய் ஹாட்வெயார் கடையில் காட்டி அதே அளவில் வாங்குங்கள். கால் திருப்பில் திறக்கும் புது மாதிரிப் பைப் என்றால் வாஷர் இருக்காது, உள்ளே முழுத் துண்டாக ஒரு காட்ரிஜ் இருக்கும். அதையும் அப்படியே கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினால் சரி. திரெட் டேப் சுற்றும்போது புரி ஏறும் பக்கமாகவே சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுக்க இறுக்க டேப் கழன்று வரும்.

பிள்ளைகளுக்குக் கணக்காகவும் இதைக் கொடுக்கலாம். செக்கனுக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. நாலு சொட்டு ஒரு மில்லிலீட்டர் என்று வைத்தால் 21 லீட்டருக்கு மேல். வீண்விரயம் பற்றி ஜும்ஆவில் கேட்டதெல்லாம் நம் வீட்டுச் சிங்கிலேயே இருக்கிறது.

சொட்டுவது கண்ணுக்குத் தெரியாவிட்டால் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. டொய்லட் சிஸ்டனில் சந்தேகம் என்றால், கடும் சாயப் பிளேன்டீ ஒரு கப்பை சிஸ்டனுக்குள் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணாமல் விடுங்கள். கீழே சாயம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது.

அடுத்தது உப்பு. இதுதான் நம் ஊருக்கே உரிய வியாதி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு மணல் துண்டில் இருக்கிறோம். நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும். சுவரின் மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகும், அதில் இருந்த உப்பு அங்கேயே நின்று பளிங்காகும். அந்தப் பளிங்குதான் பெயின்ட்டையும் பூச்சையும் தள்ளிப் பொரிய வைக்கிறது. கழுவாத கடல் மண்ணில் பூசிய சுவர் என்றால் உப்பு சுவருக்குள்ளேயே இருக்கிறது, கேட்கவே வேண்டாம். நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது பெருநாளுக்கு முதல் கிழமை அதன்மேல் எனாமல் பெயின்ட்டை அப்புவது. சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரம் இன்னும் மேலே ஏறி அடுத்த பெருநாளைக்கு இரண்டு அடி உயரத்தில் பொரியும். பெயின்ட் கடைக்காரருக்கு மட்டும் பரகத்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரோடு சேர்த்துக் குவித்த மண், பீலித் தண்ணீர் விழும் இடம், பாத்ரூம் பக்கம். அதைச் சரிசெய்த பிறகு உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுத்துக் கூட்டி வெளியே போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். வெயில் காலம் முழுவதும் காய விடுங்கள். பிறகு சுண்ணாம்போ சாதாரண எமல்ஷனோ போதும். ஆனால் கொங்கிறீட் தட்டு அல்லது பீம் கபில நிறத்தில் கோடுவிட்டு வெடித்தால் கம்பி துருப்பிடித்திருக்கிறது. அதை சீமெந்து பூசி மறைக்காதீர்கள். அது தெரிந்த ஆள் பார்க்க வேண்டிய வேலை.

சுவரில் வெடிப்பு கண்டால் பயப்பட முன்னர் ஒரு பென்சிலை எடுங்கள். வெடிப்பு முடியும் இடத்தில் ஒரு கோடு போட்டு அன்றைய திகதியை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்தும் அதே இடத்தில் நின்றால் பெரும்பாலும் பூச்சு வெடிப்பு. கோட்டைத் தாண்டி ஓடினாலோ, ஜன்னல் மூலையில் இருந்து சரிவாக அகன்றுகொண்டு போனாலோ அத்திவாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்டில் எங்கள் எல்லை தெளிவானது. வயரிங்கில் கை வைக்காதீர்கள். ஆனால் ட்ரிப் சுவிச்சில் ‘T’ என்று ஒரு சின்ன பட்டன் இருக்கிறதே, அதை மாதம் ஒருதரம் அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது, அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். ட்ரிப் அடிக்கடி விழுந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுத் தூக்கிப் போடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் கள்ளன். பெரும்பாலும் கிணற்று மோட்டர் அல்லது பழைய அயன். “ட்ரிப் தொல்லை தருது, நேராக் குடுத்துடுவோம்” என்று சொல்லும் ஆளை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள்.

காஸ் பற்றி 2021 கடைசியில் நாடு முழுவதும் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகளுக்குப் பிறகு எல்லோருக்கும் பயம் வந்தது, பழக்கம்தான் வரவில்லை. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ரெகுலேட்டரிலும் குழாய் மூட்டிலும் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் ஒழுக்கு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள், அல்லாஹ் காப்பாற்றணும்.

கூரையில் ஏறச் சொல்லி நாங்கள் எழுதமாட்டோம். சீற் மிதித்தால் உடையும், பழைய அஸ்பெஸ்டஸ் என்றால் துளைத்தாலோ அறுத்தாலோ வரும் தூசு நெஞ்சுக்கு ஆகாது. ஆனால் கீழே நின்று பார்க்கலாமே. பகலில் ஜன்னலைப் பூட்டிவிட்டு அண்ணாந்து பாருங்கள், வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடத்தில் மாரியில் தண்ணீர் வரும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மூத்தம்மாமார் இன்னும் இருக்கிறார்கள், காற்று எந்த மூலையில் நுழைந்து கூரையைக் கிளப்பியது என்று கேட்டுப் பாருங்கள். ஓரத்து ஆணியும் ஹூக்கும் ஆடுகிறதா என்பதை மேசன் பாஸ் வரும் நாளில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பீலியில் சருகு அடைத்திருந்தால் அது ஒழுக்கும்தான், டெங்கும்தான்.

“இதெல்லாம் ஆம்பிள வேலை” என்பவர்களுக்கு ஒன்று. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் செருப்பைத் தாமே தைப்பார்கள், வீட்டு வேலையில் இருப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்ததை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தன் வீட்டு வேலையைத் தன் கையால் செய்வதில் ஆணுக்கு இழிவு இல்லை என்றால் பெண்ணுக்கு மட்டும் எப்படி வரும்?

“அப்ப மேசன்மாரும் பாஸ்மாரும் எப்படிப் பிழைக்கிற?” என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களும் நம் காக்கா தம்பிமார்தான், எங்கள் பிள்ளைகளின் வாப்பாமார்தான். ஒரு வாஷருக்காக அலைவதை அவர்களும் விரும்புவதில்லை, அதனால்தானே வருகிறேன் என்றுவிட்டு வராமல் இருக்கிறார்கள். பெரிய வேலை அவர்களுக்கே. ஆனால் “வாஷர் மாத்திப் பாத்தம், இன்னும் சொட்டுது, மீட்டரும் ஓடுது” என்று சொல்லத் தெரிந்த பெண்ணிடம் “முழு லைனையும் மாத்தணும்” என்று யாரும் லேசில் சொல்லமாட்டார்கள்.

பாடசாலைப் பக்கம் எங்கள் பங்கு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. விஞ்ஞானத்தில் உருகியும் சுற்றுடைப்பானும் படிப்பிக்கிறோம். பிள்ளை பரீட்சையில் அதைச் சரியாகக் கீறிவிட்டு, வீட்டில் ட்ரிப் விழுந்தால் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பத்தாம் வகுப்பில் பாடம் தெரிவு செய்யும்போது மனைப்பொருளியல் பெண்ணுக்கு, நிர்மாணத் தொழினுட்பம் ஆணுக்கு என்று பிரித்துவிடுவதும் நாம்தான். சா/த எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளில் நாலைந்து பேர் என்.வி.கியூ சான்றிதழோடு மின்னிணைப்பும் குழாய் வேலையும் கற்று வந்தால், ஊரில் வேலைக்குப் பஞ்சமே இருக்காது. இத்தா வீட்டுக்கும், தனியாக இருக்கும் டீச்சர் வீட்டுக்கும் அவர்களைத்தான் தேடுவார்கள். பெண்கள் மத்ரஸா நடத்தும் பள்ளி நிருவாகங்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வந்து சொல்லிக்கொடுக்க நாங்கள் தயார், காசு வேண்டாம்.

வாப்பாமாருக்கு: மகளின் வீட்டுக்கு டைல் தெரிவு செய்யும் நாளிலேயே ஒரு பையும் வாங்குங்கள். ஸ்குரூட்ரைவர் இரண்டு வகை, ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், பிளையர், டெஸ்டர், சுத்தியல், மெஷரிங் டேப், திரெட் டேப், வாஷர் நாலைந்து, ஒரு டோர்ச். வயர் எங்கே ஓடுகிறது, பைப் எங்கே ஓடுகிறது என்று பூச முன்னர் ஃபோனில் படம் எடுத்து அவளிடம் கொடுத்து வையுங்கள். பிறகு சுவரில் ஆணி அடிக்கும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும்.

மெயின் வால்வும் மெயின் சுவிச்சும் எங்கே என்று இன்னும் தெரியாதவர்கள் இன்றைக்கு மஃரிபுக்கு முன்னர் வெளிச்சம் இருக்கும்போதே தேடிப் பாருங்கள். கண்டுபிடித்தவர்கள் கீழே எழுதுங்கள். திரும்பாத வால்வ் என்றால் அதையும் எழுதுங்கள், என்ன செய்யலாம் என்று சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.