கடனும் அட்டையும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று கடமை, மற்றொன்று பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுத்தற்குரிய பொருள். புறநானூற்றின் 312ஆம் பாட்டிலே பொன்முடியார், தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் காளைக்கும் உரியவற்றை ஐந்து முறை கடன் என்றே வகுத்துரைக்கிறார். அங்கே பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. வாங்கியதை இறுத்தலும் கடமைகளுள் ஒன்றே என்று கருதித்தான் போலும், நம் முன்னோர் இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கினர். அச்சொல்லோடு இப்பொழுது அட்டை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் வங்கி ஒன்றின் விற்பனை இளைஞர் எங்கள் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்தார். நிரந்தரச் சம்பளம் உடையோர் என்பதால் ஆசிரியர்மீது இத்தகையோருக்குத் தனி அன்பு உண்டு. அட்டையைத் தேய்க்குந்தோறும் புள்ளிகள் சேருமாம். புள்ளிகள் விமானச் சீட்டாக மாறுமாம். விமான நிலையத்தில் மெத்தை நாற்காலியும் தேநீரும் இலவசமாம். புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “சேர், வீட்டுச் சாமானை இதில் வாங்கினால் உம்மாவை உம்ராவுக்கு அனுப்பலாமாம்” என்றார். அவர் ஆசையில் குற்றம் இல்லை. ஆயினும் அக்கூற்றைக் கணக்கிட்டுப் பாராமல் விடுதல் கூடாது.

கடன் நமக்குப் புதிதன்று. வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற் குறளிலே குறியெதிர்ப்பை என்றொரு சொல்லை ஆள்கிறார். அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பிக் கொடுப்பது அது. எங்கள் அக்கரைப்பற்றில் மதிற்சுவருக்கு மேலால் ஒரு கொத்து அரிசி வாங்கி, நெல் குற்றியதும் ஒரு கொத்தே திருப்பிக் கொடுத்த பெண்கள் அச்சொல்லை அறியார், அப்பொருளை நன்கறிவர். புறநானூறு 163இல் குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார், அச்செல்வத்தை யார் யார்க்குக் கொடுக்க வேண்டுமென மனைவிக்குச் சொல்லுமிடத்து, சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தோரையும் மறவாது சேர்க்கிறார். நெடுமை என்னும் அடையையும் அதற்குக் கொடுக்கிறார். நாட்பட்ட கடன் போலும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது. அது தவணைக் கடனை எழுதிவைக்கும் முறையைப் பற்றியது. அதற்கு இரண்டு வசனம் முன்னே, இடர்ப்பட்ட கடனாளிக்கு வசதி வருமட்டும் அவகாசம் கொடுக்குமாறு சொல்லப்படுகிறது. (வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்கு உரியது, சொல்லும் கணக்குமே என் எல்லை.)

பழமை எல்லாம் இனிமை என்று சொல்ல வந்தேன் அல்லேன். வயலை ஈடு வைத்து மீட்க முடியாது போனவர்களும், பெரும்போகத்து நெல்லை அறுவடைக்கு முன்பே அற்ப விலைக்குப் பேசிக் கொடுத்தவர்களும் இக்கரையோரத்தில் இருந்தனர். ஆனால் அவர்களுக்குத் தாம் கடனாளி என்பது தெரிந்திருந்தது. அட்டை அந்த அறிவை மறைக்கிறது. கடன் வாங்குபவனை வெகுமதி பெறுபவன் என்று அழைக்கிறது.

வட்டியை முதலில் பார்ப்போம். 2020 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி கடனட்டைக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 18 என உச்ச எல்லை வகுத்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அவ்வெல்லை நீங்க, வட்டி 36 வரை ஏறிற்று. 2023 ஆகஸ்டில் 28 என்று மீண்டும் ஓர் எல்லை வந்தது; அதே ஆணையில் நகை அடகுக்கு விதித்த எல்லை 18. உம்மாவின் காப்பை அடகு வைப்பதற்குக் கூசுகிறவர், அதனினும் பத்து வீதம் கூடிய கடனைக் கூச்சமின்றிச் சட்டைப்பையில் வைத்துத் திரிகிறார்.

மாதக் கூற்றிலே இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று முழு நிலுவை. மற்றது குறைந்தபட்சக் கொடுப்பனவு. பின்னதைக் கட்டினால் போதும் என்று நம்புவோர் பலர். ஓர் இலட்சம் ரூபா நிலுவை, ஆண்டு வட்டி 28, குறைந்தபட்சக் கொடுப்பனவு நூற்றுக்கு 5 என்று கொள்வோம். புதிதாக ஒரு சதமும் செலவழிக்காமல் பன்னிரண்டு மாதமும் தவறாது கட்டினால், கட்டிய தொகை ஏறக்குறைய 53,000 ரூபா. கடனோ இன்னும் 71,000 ரூபாவுக்கு மேல் நிற்கும். கட்டியதில் இருபத்து நாலாயிரம் வட்டிக்கே போயிற்று. அன்றியும், முழு நிலுவையைக் கட்டாது விட்டவருக்குப் புதிய கொள்வனவுகளுக்குரிய வட்டியில்லாக் காலமும் பொதுவாக இல்லாமற் போகும். அட்டையால் ரொக்கம் எடுத்தாலோ, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணம் வேறு.

இக்கணக்கை உயர்தர வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் இட்டபோது மாணவி ஒருத்தி, “அப்ப அந்த டிக்கட்டுக் காசு அவங்களுக்கு எங்க இருந்து சேர் வருது?” என்று கேட்டாள். விற்பனை இளைஞரிடம் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி. ஒரு பகுதி கடைக்காரரிடமிருந்து வருகிறது. அட்டையால் விற்ற ஒவ்வொரு விலையிலும் ஒரு பங்கை அவர் வங்கிக்கு விட்டாக வேண்டும். அது பண்டத்தின் விலையில் ஏறி, காசு கொடுத்து வாங்கும் கூலித் தொழிலாளியின் தலையிலும் விழுகிறது. மறு பகுதி, நிலுவையை முழுதும் கட்டமாட்டாதவரின் வட்டி. விமானத்தில் ஒருவர் பறப்பதற்கு இன்னொருவர் தவணை கட்டுகிறார்.

இவ்வழக்கம் எங்கிருந்தோ தானாக வந்ததன்று. 1958இல் அமெரிக்காவின் பாங்க் ஒஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தார் அறுபதினாயிரம் பேருக்கு, அவர்கள் கேளாமலே கடனட்டைகளைத் தபாலில் அனுப்பியது. 1981இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனம் பறந்த மைல்களை எண்ணிப் பரிசு தரும் திட்டத்தைத் தொடங்கியது. இவ்விரண்டும் பிற்பாடு கைகோத்தன. இன்று நம் ஸ்ரீலங்கன் விமான சேவைக்கும் பிளைஸ்மைல்ஸ் என்னும் திட்டம் உண்டு.

நூறு ரூபாச் செலவுக்கு ஒரு ரூபாப் பெறுமதியான புள்ளி கிடைக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு இலட்சம் ரூபாப் பயணத்துக்கு இரண்டு கோடி ரூபாவைத் தேய்த்தாக வேண்டும். நியமனம் பெற்ற அந்த ஆசிரியர் ஓய்வூதியம் பெறும் வயதில் உம்மாவுக்கு எத்தனை வயதாகும்? அன்றியும், அந்த நூறு ரூபாவை ஒரே ஒரு மாதம் நிலுவையில் விட்டால் வட்டி 2 ரூபா 33 சதம். பெற்ற வெகுமதியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

அட்டை என்பது தமிழில் குருதி உறிஞ்சும் உயிரியின் பெயருமாகும். அது கடிக்கும்போது நோவு தெரியாது. ஆயினும் சித்த வைத்தியர் அட்டை விட்டுத் தீய குருதி வாங்குவதும் உண்டு. எப்போது விடுவது, எப்போது எடுப்பது என்று அவருக்குத் தெரியும். கடனட்டையும் அத்தகையதே. கையில் காசிருந்து, கூற்று வந்தவுடன் முழுவதையும் கட்டுபவருக்கு ஏறக்குறைய ஐம்பது நாள் வரை வட்டியில்லாத் தவணை கிடைக்கிறது, புள்ளியும் மிச்சம். அத்தகையவர் வைத்திருக்கட்டும். முழு நிலுவையும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகக் கழிபடுமாறு எழுதிக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. காசு போதாமையாற் கடன் தேடுபவருக்கு அட்டை உரியதன்று. அரச ஊழியர்க்கு நூற்றுக்கு 4.2 வட்டியில் இடர் கடன் இருக்கிறது. 28 வீத நிலுவை உடையவர் அதை எடுத்து இதை அடைத்து, அட்டையைக் கத்திரிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நம் இலக்கிய வட்டங்கள் இரவச்சம் அதிகாரத்துக்கு மணிக்கணக்கில் உரை விரிக்கின்றன. கடன்பட்டார் நெஞ்சத்தை இலங்கை வேந்தனின் கலக்கத்துக்கு உவமையாக்கும் அடி கம்பனுடையதா என்று மேடைகளில் வழக்காடுகின்றன. (அது கம்பராமாயணத்தில் இல்லை, அதோடு விட்டுவிடலாம்.) அப்புலமையில் ஒரு சிறு பங்கை வங்கிப் படிவங்களின் தமிழுக்குச் செலவிடலாகாதா? வெகுமதி என்பது செயலை மெச்சிக் கொடுப்பது. செலவழித்ததற்குக் கொடுப்பது கழிவு. கழிவுப்புள்ளி என்று எழுதினால் எவரும் மயங்கார். குறைந்தபட்சக் கொடுப்பனவு என்பதையும் மாற்ற வேண்டும். அத்தொகைக்கு எதிரே, இதை மட்டும் கட்டினால் கடன் எத்தனை ஆண்டில் தீரும் என்று ஒரு வரி, விளம்பரத்தின் எழுத்தளவிலேயே, தமிழில் அச்சிடப்படல் வேண்டும். அந்த இளைஞர் தந்துவிட்டுப் போன படிவம் என் மேசையில் இருக்கிறது. அதில் விமானத்தின் படம் அரைப் பக்கம். வட்டி வீதத்தைக் காண எனக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருந்தது.