ஊரைக் காக்கும் சிறு சங்கங்கள்: பணம் தருவது யார்?

காரீயம் ஒரு கொடிய நஞ்சு. ரசம் வைக்கும் ஈயச் செம்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தச் செம்பு வெள்ளீயத்தில் செய்வது. மோட்டார் பாட்டரியில் இருப்பதுதான் காரீயம். சிலவகை மஞ்சள், சிவப்பு பெயிண்டுகளில் நிறத்துக்காகச் சேர்ப்பதும் இதுதான்.

இந்த நஞ்சு குழந்தையின் ரத்தத்தில் கலந்தால் மூளை வளர்ச்சி குன்றும். படிப்பு ஏறாது. வெளியே புண் இல்லை, வீக்கம் இல்லை. அதனால் பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் விஷயமே தெரியாது. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர், அதாவது 80 கோடிக் குழந்தைகள் வரை, கவலைப்படவேண்டிய அளவுக்குக் காரீயத்தை ரத்தத்தில் சுமக்கிறார்கள் என்று யூனிசெப் ஸ்தாபனமும் பியூர் எர்த் என்ற சங்கமும் 2020-ல் அறிவித்தன. இவர்களில் பெரும்பாலோர் ஏழை நாட்டுக் குழந்தைகள்.

இதை எதிர்த்துப் போராடுவது யார்? பல இடங்களில் சர்க்கார் அல்ல. நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறு சங்கங்கள்தான்!

தாய்ப்பாலில் நஞ்சு

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா நாடு. அங்கே மொம்பாசா துறைமுகத்தின் ஓரத்தில் ஓவினோ உஹுரு என்ற ஏழைக் குடியிருப்பு. சுமார் 3,000 பேர் வாழும் இடம். அதன் பக்கத்திலேயே பழைய பாட்டரிகளை உருக்கிக் காரீயம் எடுக்கும் தொழிற்சாலை ஒன்று முளைத்தது. புகை வீடுகளுக்குள் வந்தது. கழிவு நீர் தெருவில் ஓடியது.

அந்தத் தொழிற்சாலையில் 2009-ல் வேலைக்குச் சேர்ந்தவர் பிலிஸ் ஒமிடோ என்ற மாது. கைக்குழந்தையின் தாய். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. மலேரியாவா? டைபாய்டா? டாக்டர்கள் என்னென்னவோ சோதித்தார்கள். கடைசியில் ரத்தத்தில் காரீயம் இருப்பது தெரிந்தது. தாய்ப்பால் வழியாகவே அது குழந்தைக்குப் போயிருக்கலாம் என்றார்கள்.

ஒமிடோ வேலையை விட்டார். குடியிருப்பிலிருந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து ரத்தச் சோதனை செய்வித்தார். மூன்று பேர் ரத்தத்திலும் காரீயம்! பிறகு அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். ஊர்வலம் போனார்கள். மனுக் கொடுத்தார்கள். 2012-ல் கலகம் தூண்டியதாக ஒமிடோவைக் கைது செய்தார்கள். வழக்கு நிற்கவில்லை, விடுதலையானார். 2014-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

ஆனால் உடம்பில் ஏறிய நஞ்சுக்கு யார் பதில் சொல்வது? சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2020-ல் ஊராருக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் நஷ்ட ஈடு தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 2023-ல் அப்பீல் கோர்ட்டு அதைத் தள்ளியது. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் ஊராருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. மூன்று கோர்ட்டுப் படிகள். தொழிற்சாலை மூடி அப்போது பத்து வருஷம் ஆகிவிட்டது!

இந்தப் பத்து வருஷமும் வக்கீலுக்கும் ரத்தச் சோதனைக்கும் மண் சோதனைக்கும் பணம் வேண்டும். கூலிக்காரக் குடும்பங்களிடம் அது ஏது? வெளியிலிருந்து உதவி வந்தால்தான் உண்டு. அதுவும் ஒரு வருஷம் வந்து மறு வருஷம் நின்றால் வழக்கு நடுவழியில் படுத்துவிடும்.

ஒரு டப்பா பெயிண்ட்

எல்லா வேலைக்கும் பெரும்பணம் தேவையில்லை. பெயிண்டைப் பாருங்கள். கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்குகிறார்கள். ஒரு சுத்தமான பலகைத் துண்டில் பூசுகிறார்கள். காய்ந்ததும் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருந்தால் அது ஆகாது. எந்தக் கம்பெனி, எந்த நிறம், எவ்வளவு நஞ்சு என்று பத்திரிகைகளுக்குச் சொல்கிறார்கள். அவ்வளவுதான்! மருந்தும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம்.

இந்த முறையில் ஆசியாவில் ஏழு நாடுகளில் ஒரே சமயத்தில் வேலை நடந்தது. 2012 முதல் சில ஆண்டுகள் ஐரோப்பிய யூனியன் பணம் கொடுத்தது. ஐபென் என்ற சர்வதேசச் சங்கக் கூட்டமைப்பு அதை இந்தியா, இலங்கை, நேபாளம், வங்காளதேசம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் சங்கங்களோடு சேர்ந்து செலவிட்டது. 2013-ல் பிலிப்பைன்ஸ் சர்க்கார் 90 பங்கு என்று உத்தரவு போட்டது. 2014-ல் நேபாளமும் அதே அளவை விதித்தது. இந்தியாவில் 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரில் அமலாயிற்று. டெல்லியிலுள்ள டாக்சிக்ஸ் லிங்க் சங்கம் அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே டப்பா டப்பாவாக வாங்கிச் சோதித்து வந்தது.

சட்டம் வந்தால் தீர்ந்ததா? இல்லை. பெரிய கம்பெனிகள் அநேகமாகத் திருந்திவிட்டன. சின்னச் சின்னத் தயாரிப்பாளர்களின் டப்பாக்களில் விதிக்குப் பின்னும் காரீயம் அகப்பட்டது. பிலிப்பைன்ஸில் ஈகோவேஸ்ட் என்ற சங்கத்தார் இறக்குமதியாகும் ஸ்பிரே பெயிண்டுகளைக் கடை கடையாக வாங்கிப் பிடித்துக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் போகாத கடைக்கும் சங்கத்து ஆள் போகிறான்!

பணம் தருவோர் தடுமாறுவது இங்கேதான். சட்டம் பிறந்ததும் "வேலை முடிந்தது" என்று அவர்கள் மூட்டை கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பின்புதான் காவல் வேலை ஆரம்பம். காவல்காரனுக்குச் சம்பளம் மூன்று வருஷத்தோடு நின்றால் தோட்டம் என்ன ஆகும்? இன்னொரு தொல்லை காகிதம். இங்கிலீஷில் நீண்ட விண்ணப்பம், கணக்கு, தணிக்கை அறிக்கை. அதைப் பூர்த்தி செய்யத் தெரிந்த நகரத்துச் சங்கம் பணம் பெறும். புகைக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் குடியிருப்புச் சங்கம் பெறாது.

சிறு தொகையை நேரே கொடுக்கும் வழியும் இல்லாமலில்லை. உலகச் சுற்றுச்சூழல் நிதியின் சிறு மானியத் திட்டம் 1992 முதல் நடக்கிறது. ஊர்ச் சங்கங்களுக்கு நெடுங்காலம் 50,000 டாலர் வரை என்று வரம்பு வைத்துக் கொடுத்து வந்தது. நம் கணக்கில் 40 லட்ச ரூபாய்க்குச் சற்று மேல். நச்சு இரசாயனங்களை ஒழிக்கும் வேலையும் அதில் சேரும்.

கொடுக்கும் கை மாறுகிறது

காரீயத்தை ஒழிக்க உலகம் முழுவதிலும் உதவியாகவும் தர்மமாகவும் வந்த பணம், சில வருஷங்களுக்கு முன்புவரை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர்தான் என்று கணக்கிட்டார்கள். 80 கோடிக் குழந்தைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு சென்ட் கூட வராது.

2024 செப்டம்பரில் நல்ல செய்தி வந்தது. அமெரிக்க சர்க்காரின் உதவி ஸ்தாபனமான யூஎஸ்எய்டும் யூனிசெப்பும் முன்னின்று ஒரு கூட்டணி தொடங்கின. 15 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. அதில் பத்துக் கோடிக்கு மேல் தனியார் தர்ம நிதிகள் சேர்ந்து கொடுப்பதாகச் சொன்ன பணம்.

பத்து மாதம் ஆகவில்லை. 2025 ஜூலை முதல் தேதி யூஎஸ்எய்டு மூடப்பட்டது. தனியார் நிதி தப்பியது. அந்தப் பணத்தில் எவ்வளவு பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போகிறது, எவ்வளவு கடை கடையாக ஏறி இறங்கும் சங்கத்தாருக்குப் போகிறது என்பதையே இப்போது பல நாட்டுச் சிறு சங்கங்கள் கேட்கவேண்டியிருக்கிறது.