முதியோர் இல்லங்களில் சிறுநீர்த் தொற்று: எதை எண்ணுவது, எப்படிப் பதிவு செய்வது?

முதியோருக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து (ஆன்டிபயாடிக்) கொடுக்கப்படுவதற்கான முதன்மைக் காரணங்களுள் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் ஒன்று. ஆயினும், கடலூர் மாவட்டத்தின் முதியோர் இல்லங்களில் சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு இத்தொற்று ஏற்பட்டது, அவர்களுள் எத்தனை பேருக்குச் சிறுநீர் வடிகுழாய் (கதீட்டர்) பொருத்தப்பட்டிருந்தது, எத்தனை பேருக்கு அம்மருந்து உண்மையில் தேவைப்பட்டது ஆகிய கேள்விகளுக்கு விடை தரும் பதிவேடு எதுவும் இல்லை. இந்தக் குறை நோயாளியை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும், கம்மாபுரம் போன்ற ஊர்களில் முதியோரைப் பராமரிப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

எண்ணிக்கை இப்போது எங்கே எடுக்கப்படுகிறது?

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் சிறிய தனியார் மருத்துவமனை என்று பொருள். அது தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 1997-இன் கீழ் வருகிறது. அமெரிக்காவில் அதே சொல், செவிலியர் கவனிப்புடன் முதியோர் நீண்டகாலம் தங்கும் இல்லத்தைக் குறிக்கும். நம்மிடம் அதற்கு நெருக்கமானவை முதியோர் இல்லங்கள். அவை சமூக நலத் துறையின் மேற்பார்வையில் உள்ளன. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும் அமைப்பது பற்றியும், அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குப் படுக்கை வசதியும் தனி வரிசையும் அளிப்பது பற்றியும் பேசுகிறது. இல்லத்தில் ஏற்படும் தொற்றுகளை எண்ணித் தெரிவிப்பது பற்றி அதில் ஏதுமில்லை.

மருத்துவமனைகளில் நிலைமை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் இணைந்து, மருத்துவமனையில் தொற்றிக்கொள்ளும் நோய்களைக் கண்காணிக்கும் ஒரு வலையமைப்பை நடத்துகின்றன. 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 26 மருத்துவமனைகளின் 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து 737 சிறுநீர்த் தொற்றுகள் இவ்வலையமைப்பில் பதிவாயின. எல்லா மருத்துவமனைகளும் ஒரே வரையறையைக் கொண்டு எண்ணியதால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஆனால் அது தீவிர சிகிச்சைப் பிரிவின் எண். அங்கிருந்து வடிகுழாயுடன் வீடு திரும்பும் முதியவரும், இல்லத்தில் சேர்க்கப்படும் முதியவரும் அந்தக் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

மருந்துக்கு ஒரு கணக்கு உண்டு. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘எச்1’ அட்டவணையின்படி, செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை விற்கும் மருந்தகம் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்து எவ்வளவு விற்றது என்று அப்பதிவேடு சொல்லும். எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று சொல்லாது.

சிறுநீரில் கிருமி இருந்தாலே தொற்றா?

இல்லை. இப்பக்கத்தில் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டிய முதன்மைச் செய்தி இதுவே.

நீண்டகாலப் பராமரிப்பில் உள்ள பெண்களில் 25 முதல் 50 விழுக்காட்டினருக்கும், ஆண்களில் 15 முதல் 40 விழுக்காட்டினருக்கும் எந்தத் தொல்லையும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமிகள் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வடிகுழாய் நீண்டகாலம் இருப்பவர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் கிருமி இருக்கும். இதற்கு ‘அறிகுறியற்ற கிருமியிருப்பு’ என்று பெயர். இதற்கு மருந்து கொடுப்பதால் நோயாளிக்கு நன்மை ஏதும் கிடைப்பதில்லை. கருவுற்ற பெண்களும், சிறுநீர்ப் பாதையில் சில அறுவை முறைகளுக்கு உட்படுவோரும் இதற்கு முக்கிய விலக்குகள்.

தேவையின்றிக் கொடுத்த மருந்து வீணாவதோடு நிற்பதில்லை. வயிற்றுப்போக்கு உண்டாகலாம், பிற மருந்துகளுடன் முரண்படலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மருந்துக்குப் பழகிய கிருமிகளே உடலில் எஞ்சும. ஆறு மாதம் கழித்து அதே முதியவருக்குக் கிருமி இரத்தத்தில் பரவும்போது, மாத்திரையால் தீர்ந்திருக்க வேண்டியது ஊசி மருந்துக்கும், அதிலும் விலையுயர்ந்த கடைசி வரிசை மருந்துகளுக்கும் போகிறது. எண்ணிக்கையில் செய்யும் பிழை இவ்வாறு சிகிச்சையில் வந்து விடிகிறது.

சிறுநீர் மஞ்சளாக இருக்கிறது, கலங்கியிருக்கிறது, வாடை அடிக்கிறது என்பவை மட்டும் தொற்றின் அடையாளங்கள் ஆகா. பங்குனி, சித்திரை வெயிலில் நீர் குறைவாகக் குடித்தாலே சிறுநீர் அடர்ந்து, எரிச்சலும் தோன்றலாம். இரவில் எழுந்து கழிப்பறை செல்ல அஞ்சி மாலைக்குப் பிறகு தண்ணீரே குடிக்காத முதியோர் பலர். இரவில் எழுப்ப ஆளில்லை என்று தண்ணீரைக் குறைக்கும் பராமரிப்பாளர்களும் உண்டு. அங்கே முதல் தேவை தண்ணீர். இதயச் செயலிழப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் குறித்த அளவை மீறக் கூடாது.

எதைத் தொற்றாக எண்ண வேண்டும்?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கெனத் தனிக் கண்காணிப்புப் பிரிவைத் தொடங்கியது. அதன் வரையறை, அறிகுறியையும் ஆய்வக முடிவையும் சேர்த்தே பார்க்கிறது. சுருக்கமாக:

வடிகுழாய் இல்லாதவருக்கு: புதிதாகத் தோன்றிய நீர்க்கடுப்பு, அல்லது காய்ச்சலுடன், அடிவயிற்று வலி, விலாவின் பின்புறம் வலி, சிறுநீரில் இரத்தம், திடீரென அதிகரித்த அவசரம், அடிக்கடி கழித்தல், கட்டுப்பாடின்மை ஆகியவற்றுள் ஒன்று. காய்ச்சல் இல்லையெனில் இவற்றுள் இரண்டேனும் இருக்க வேண்டும்.

வடிகுழாய் உள்ளவருக்கு: காய்ச்சல், குளிர் நடுக்கம், வேறு காரணமின்றி இரத்த அழுத்தம் வீழ்தல், அடிவயிற்று அல்லது விலாப்புற வலி, குழாயைச் சுற்றிச் சீழ் ஆகியவற்றுள் ஒன்று. திடீர்க் குழப்பம் மட்டும் இருந்தால் போதாது. இரத்த வெள்ளணு உயர்வும் சேர வேண்டும்.

இவற்றோடு, சிறுநீர் வளர்ப்புச் சோதனையில் (கல்ச்சர்) ஒரு மில்லி லிட்டருக்கு 1,00,000 அல்லது அதற்கு மேல் கிருமி வளர்ந்திருக்க வேண்டும்; இரண்டுக்கு மேற்பட்ட வகைக் கிருமிகள் கலந்திருக்கக் கூடாது. முதியோரின் உடல் வெப்பம் இயல்பிலேயே குறைவாக இருப்பதால், வாயில் வைத்துப் பார்க்கையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே காய்ச்சலாகக் கொள்ளப்படுகிறது. 102 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இவ்வரையறை எண்ணுவதற்கானது. சிகிச்சை தொடங்குவதா வேண்டாமா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்வார்.

தாத்தாவுக்குத் திடீரெனக் குழப்பம், பாட்டி சாப்பிட மறுக்கிறார் என்றால் உடனே சிறுநீர்த் தொற்று என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் உள்ளது. நீரிழப்பு, மலச்சிக்கல், சர்க்கரை குறைதல், உப்பு குறைதல், நிமோனியா, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். சிறுநீரை மட்டும் சோதித்து நிறுத்திக்கொண்டால் உண்மைக் காரணம் தப்பிவிடும்.

எண்ணிக்கையா, விகிதமா?

எடுத்துக்காட்டாக, 20 பேர் தங்கும் ஓர் இல்லத்தில் 30 நாள்களில் 2 தொற்றுகளும், 80 பேர் தங்கும் மற்றோர் இல்லத்தில் 4 தொற்றுகளும் ஏற்பட்டன என்று கொள்வோம். பார்வைக்கு இரண்டாவது இல்லமே மோசமானதாகத் தெரியும். முதல் இல்லத்தின் தங்கல் நாள்கள் 600. ஆயிரம் நாள்களுக்கு 3.3 தொற்றுகள். இரண்டாவது இல்லத்தில் 2,400 நாள்கள், ஆயிரத்துக்கு 1.7 தொற்றுகள். வடிகுழாய் உள்ளவர்களுக்கு இதேபோல் ‘குழாய் நாள்கள்’ தனியே கணக்கிடப்படும். சிறிய இல்லத்தில் ஒரே ஒரு தொற்று விகிதத்தை மிகவும் உயர்த்திவிடும் என்பதால், ஒரு மாதத்தை வைத்து முடிவுக்கு வராமல் ஓராண்டுப் போக்கைப் பார்க்க வேண்டும்.

குறைந்த எண் காட்டும் இல்லம் நல்ல இல்லமா?

அவ்வாறு சொல்லிவிட முடியாது. காய்ச்சல் பார்க்காத, சோதனைக்கு அனுப்பாத இல்லத்தில் தொற்று ‘பூஜ்யம்’ என்றே இருக்கும். கவனித்து எழுதும் இல்லத்தின் எண் முதலில் உயர்ந்துதான் தெரியும். அமெரிக்காவில் இல்லங்கள் தாமே தரும் தகவலிலிருந்து சிறுநீர்த் தொற்று விழுக்காடு பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டு வந்தது. இத்தகைய ஏற்பாட்டில், உள்ளபடி எழுதும் இல்லம் பெயர் கெடுமோ என்று தயங்குவதற்கு இடமுண்டு. எனவே நம்மிடம் இத்தகைய பதிவு தொடங்கும்போது, அது தண்டனைக்கான கருவியாக இல்லாமல் இல்லத்தின் சொந்த முன்னேற்றத்துக்கான கருவியாகத் தொடங்குவதே நன்று. நீங்கள் ஓர் இல்லத்தைத் தேர்வு செய்கையில் ‘இங்கே தொற்று வருமா?’ என்று கேட்பதை விட, ‘தொற்று வந்தால் எங்கே எழுதுகிறீர்கள், யாருக்குச் சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள்.

நீங்கள் வைத்திருக்க வேண்டிய பதிவேடு

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். வீட்டிலும் இல்லத்திலும் கீழ்க்கண்டவற்றை எழுதி வாருங்கள்:

1. வடிகுழாய் பொருத்திய நாள், பொருத்தியதற்கான காரணம், மாற்ற அல்லது அகற்ற வேண்டிய நாள்.
2. அறிகுறி தொடங்கிய நாள், நேரம். அப்போதைய உடல் வெப்பம்.
3. குடித்த நீர், வெளியேறிய சிறுநீர் ஆகியவற்றின் தோராய அளவு.
4. சோதனைக்குச் சிறுநீர் கொடுத்த நாளும் முடிவும். ஆய்வக அறிக்கையை நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.
5. கொடுத்த மருந்தின் பெயர், தொடங்கிய நாள், முடித்த நாள்.

இவற்றுள் முதல் வரியே மிகுந்த பயன் தருவது. மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படும்போது ‘இக்குழாய் எதற்காக, எந்த நாளில் எடுக்க வேண்டும்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காரணம் முடிந்த பின்னும் கிடக்கும் குழாயே தொற்றுக்கு எளிய வழி. ஆனால் நீங்களாக அதை அகற்ற வேண்டாம். குழாயைத் தொடுமுன் கைகழுவுதல், சிறுநீர்ப் பையை இடுப்புக்குக் கீழும் தரையில் படாமலும் தொங்கவிடுதல், குழாயையும் பையையும் அடிக்கடி கழற்றாதிருத்தல் ஆகியவற்றைத் தவறாமல் கடைப்பிடியுங்கள்.

கம்மாபுரம் பகுதியில் எங்கே செல்வது?

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், படுக்கையில் உள்ளோருக்கு ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. உங்கள் பகுதிக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமும் செவிலியரிடமும் இந்த நோட்டைக் காட்டுங்கள். இல்லம் நடத்துபவர்கள் மாதம் ஒருமுறை அதன் சுருக்கத்தை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் பகிரலாம். இதற்கு விதி ஏதும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் சமூக நலத் துறையின் கீழுள்ள இல்லத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் இடையிலான இடைவெளியை இந்த எளிய செயல் குறைக்கும்.

சிறுநீர் வளர்ப்புச் சோதனைக்கான மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும். இயலாவிடில் குளிர்ப்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். வெயிலில் பேருந்தில் விருத்தாசலத்துக்கோ சிதம்பரத்துக்கோ எடுத்துச் செல்லும்போது கிருமிகள் குப்பியிலேயே பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும். சிறுநீர்ப் பையிலிருந்து ஒருபோதும் மாதிரி எடுக்காதீர்கள். குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்திருந்தால், புதுக் குழாய் மாற்றிய பின் செவிலியர் மாதிரி எடுப்பதே முறை. முதல் வேளை மருந்துக்கு முன்பே மாதிரி எடுக்கப்பட வேண்டும். நோயாளியின் நிலை மோசமாக இருந்தால் மட்டும், மாதிரிக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், மூச்சு வாங்குதல், கை கால் சில்லிடுதல், எழுப்பினாலும் விழிக்காமை, பல மணி நேரம் சிறுநீரே வராமை ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது நோட்டுப் புத்தகத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். முன்பு எந்த மருந்து கொடுக்கப்பட்டது, எந்தக் கிருமி வளர்ந்தது என்பது தெரிந்தால், சரியான மருந்தை முதல் மணி நேரத்திலேயே தொடங்க அது மருத்துவருக்கு உதவும்.

பொதுவான ஐயங்களுக்கு 104 சுகாதார உதவி எண்ணையும், முதியோர் நலன் தொடர்பான உதவிக்கு 14567 என்ற எண்ணையும் அழைக்கலாம். இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்களே. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு இவை மாற்றாகா.